இருநூறு மில்லி

பத்தரை ஆனதும் உலகம்மாளின் உடம்பு நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. ஆள் என்னவோ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், பச்சை விரிப்பின் மேல் தலையணையை அண்டக்கொடுத்துச் சாய்ந்துதான் இருந்தாள். கர்ப்பப்பையை எடுத்து, இறங்கிக் கிடந்த அடிப்பாகத்தையும் மேலே தூக்கித் தைத்து இது மூன்றாம் நாள். ஆனாலும் எதிர்ச்சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் ஆறைத் தொட்டதுதான் தாமதம், இரண்டு முழங்கால்களும் யாரும் சொல்லாமலே ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன, அடிவயிறு உள்ளே இழுத்துக்கொண்டது, முதுகு நிமிர்ந்தது, காது பக்கவாட்டுக் கதவு திறக்கிற சத்தத்துக்குக் காத்திருந்தது. அந்தக் கதவு பத்து கிலோமீட்டர் தள்ளி, மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கிறது. முப்பத்தொரு வருஷமாகப் பத்தரைக்கு அந்தக் கதவு திறக்கும், நீதிபதி வந்து உட்காருவார், அவர் மேடைக்குக் கீழே மேஜை போட்டிருக்கும் பெஞ்ச் கிளார்க் உலகம்மாளும் உட்காருவாள். அவர் எழுந்திருக்கும்வரை அவளும் எழுந்திருக்க மாட்டாள். அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை, வேலை அப்படி. இன்றைக்குத்தான் அது குறையாகிவிட்டது. காலை ஆறு மணிக்கு சிஸ்டர் ஜெபசெல்வி சிறுநீர்க் குழாயை உருவும்போதே கணக்கைச் சொல்லிவிட்டாள். பன்னிரண்டு மணிக்குள் தானாக ஒன்றுக்குப் போக வேண்டும், சொட்டு விட்டால் போதாது, அளவுப் பாத்திரத்தில் இருநூறு மில்லிக்குக் குறையக்கூடாது. போகாவிட்டால் குழாயைத் திரும்பப் போட்டு, பையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், இரண்டு வாரம். ஆறிலிருந்து இதுவரை வந்தது ஒன்றுமில்லை. இருநூறு மில்லி என்பது வீட்டில் அவள் காபி குடிக்கும் டம்ளர். ஒரு டம்ளர். ஊர் உலகமெல்லாம் சுவர் ஓரத்தில் நின்றுகொண்டு எந்த யோசனையும் இல்லாமல் கொட்டித் தீர்க்கிற ஒரு டம்ளருக்கு, அவள் ஒருத்தி மட்டும் தவம் இருக்க வேண்டியிருக்கிறது.

குழாய் என்றால் வெறும் குழாய் இல்லை. உள்ளே போனதும் நுனியில் ஒரு சின்ன பலூன் தண்ணீரால் உப்பி, வெளியே வழுக்கி வராமல் பிடித்துக்கொள்ளும். ஃபோலி என்கிற அமெரிக்க டாக்டர் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்களாம், சிஸ்டர் அதை ஏதோ வார்டில் அட்மிட் ஆன ஆளைப் போல ஃபோலி, ஃபோலி என்றே கூப்பிடுகிறாள். ஃபோலி இருக்கட்டும், ஃபோலியை எடுங்க, ஃபோலி இன்னிக்கு வேண்டாம். நல்ல மனுஷனாகத்தான் இருந்திருப்பார், ஆனால் பெயர் போய்ச் சேர்ந்த இடத்தைப் பார். முதல் இரண்டு நாள் ஃபோலியால் அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. உள்ளதைச் சொன்னால் சுகமாகக்கூட இருந்தது, முப்பத்தொரு வருஷத்தில் முதல்தடவையாக அடக்கவும் வேண்டாம் அவிழ்க்கவும் வேண்டாம். தொந்தரவெல்லாம் பையால்தான். கட்டிலின் கீழ்க் கம்பியில் கொக்கி போட்டு மாட்டியிருந்த அந்தப் பை கண்ணாடி போல உள்ளதை உள்ளபடி காட்டியது. ஆளைப் பார்க்க ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தவர்கள் முதலில் பையைப் பார்த்தார்கள், பிறகுதான் முகத்தைப் பார்த்தார்கள், பேச்சு முடிந்து விடைபெறும்போது இன்னொரு தடவை பையைப் பார்த்துக்கொண்டார்கள். டைப்பிஸ்ட் சுடலைவடிவு குனிந்து பார்த்துவிட்டு, கலர் நல்லாத்தான் மேடம் இருக்கு என்று வாழ்த்துச் சொல்வது போலச் சொன்னாள். இருபது வருஷத்தில் உலகம்மாளின் முகத்தை நேராகப் பார்த்து ஒரு வணக்கம் வைக்காத அரசு வக்கீல் பையை நேராகப் பார்த்தார், கிட்டத்தட்ட மரியாதையோடு. அதோடு வீட்டுக்குப் போவதென்றால், தெருவில் பதினாறு வீடு. பதினாறு வீட்டிலிருந்தும் வருவார்கள், வராமல் இருக்க மாட்டார்கள், நல்ல மனசுக்காரர்கள்தான், நல்ல மனசுக்காரர்கள் வந்தால் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் உட்காருவார்கள், அந்த அரை மணி நேரமும் அவர்கள் கண் தரையில் இருக்கும். சேலை முந்தானையைப் போட்டு மூடலாம். மூடினால், மூடியிருக்கிறதே என்று பார்ப்பார்கள். அது போகட்டும், தெருவைச் சமாளித்துக்கொள்ளலாம். இரண்டு வாரம் கழித்துக் குழாயை எடுத்த பிறகும் வராவிட்டால்? அப்புறம் இன்னும் இரண்டு வாரம், அதற்கப்புறம்? நினைப்பு அந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் காலில் முள் தைத்தது போல நின்றுவிட்டுத் திரும்பிப் போயிற்று, போன வழியிலேயே சுற்றி மறுபடி அங்கேயே வந்து நின்றது.

முதல்முதலில் பரிசோதனைக்குப் போனபோது பெரிய டாக்டர் நூர்ஜஹான் கேட்டார், ரொம்ப நேரம் அடக்குவீங்களோ என்று. அதில் ஒரு வலை இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. எட்டு மணி நேரம்கூட இருப்பேன் டாக்டர் என்று சொன்னாள், பள்ளிக்கூடத்தில் வாங்கிய பதக்கத்தை எடுத்துக் காட்டுவது போல. டாக்டர் அதை எழுதிக்கொண்டார். எழுதிக்கொள்கிறவர்களைப் பற்றி உலகம்மாளுக்குத் தெரியும், வாழ்நாள் பூராவும் சாட்சிகள் வாயைத் திறந்து கெட்டுப்போவதைக் கீழேயிருந்து பார்த்தவள், தன் சாட்சியத்தையும் அப்படியே கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். எட்டு மணி நேரம் சும்மா வந்துவிடவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெண்களுக்கென்று இருந்தது ஒரே ஒரு கழிப்பறை, அது பதிவறைக்குப் பின்னால், சாவி நாசரிடம். நாசர் என்பது ஆள் பெயர் இல்லை, நீதிமன்றச் சாமான்களுக்குப் பொறுப்பான பதவியின் பெயர். அந்தப் பதவியில் அப்போது இருந்த மனிதர், சாவி என்று கேட்டால் மேஜை இழுப்பறையைத் திறந்து, மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, வளையத்திலிருந்து ஒவ்வொரு சாவியாகத் தள்ளி, வராந்தாவில் நிற்கும் கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் பார்க்க, லேடீஸா என்று உரக்கக் கேட்டுவிட்டுக் கொடுப்பார். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, ஒழுங்கு. இரண்டாம் வாரமே உலகம்மாள் சாவி கேட்பதை நிறுத்தினாள், மூன்றாம் வாரம் காலைக் காபிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். பிறகு நாசர்கள் மாறினார்கள், கட்டடம் மாறியது, கழிப்பறைகள் வந்தன, பூட்டுகூட இல்லாமல் திறந்தே கிடந்தன, அவள் போகவில்லை. ஒரு கொலை வழக்கில் நீதிபதி தீர்ப்பைச் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தர் எடுத்துக்கொண்டிருந்தார், மதிய இடைவேளையும் கிடையாது, ஐந்து மணி நேரம். நாலாவது மணி நேரத்தில் கூண்டில் நின்றவன் கையைத் தூக்கி, ஐயா ஒன்றுக்குப் போகணும் என்றான். நீதிபதி தலையை அசைத்தார், இரண்டு போலீஸ்காரர்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்கள், வரும்போது அவன் முகத்தில் இருந்த நிம்மதியை அவள் இன்றைக்கும் மறக்கவில்லை. கொலைகாரன் என்று சொல்லக்கூடாது, அந்த நிமிஷத்தில் தீர்ப்பு முடிந்திருக்கவில்லை. அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, ஆனால் போய்விட்டு வந்தான். அவள் விடுதலையான ஆள், உட்கார்ந்தே இருந்தாள். அன்றைக்கு ராத்திரி வெறுப்பில் விதிப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். நீதிபதி அமர்ந்திருக்கையில் பெஞ்ச் கிளார்க் எழுந்திருக்கலாகாது என்று எங்கேயும் இல்லை. விதி இருந்திருந்தால் ஒருநாள் மீறியிருக்கலாம். இல்லாத விதியை எப்படி மீறுவது?

பத்தே முக்காலுக்கு மைனி மறுபடி எழுப்பினாள். மைனி என்றால் அண்ணன் பெண்டாட்டி பிச்சம்மாள், கூட இருந்து பார்த்துக்கொள்ள வந்தவள், இரண்டு நாளாகத் தூங்காமல் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியபடியே இருப்பவள். அவளுக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் ஒன்றுதான், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்க வைப்பது. ஏழு மணிக்கு ஒரு தடவை திறந்தாள், ஒன்பதுக்கு ஒரு தடவை, இப்போது மூன்றாவது. உலகம்மாள் வார்டுக் கழிப்பறையின் கம்மோடில் அளவுப் பாத்திரத்துக்கு மேலே உட்கார்ந்திருக்க, தையல் இழுக்க, வாளி நிரம்பி வழிய, கதவுக்கு வெளியிலிருந்து மைனி கூப்பிட்டாள். வந்துட்டா உலகு? கொஞ்சம் பொறுத்து, வந்துட்டா? இன்னும் கொஞ்சம் பொறுத்துக் குரலை உயர்த்தி, வந்துட்டா உலகு? இந்த மூன்றாவதில் உலகம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தால் தையலில் வலித்தது. நீதிமன்றத்தில் டவாலி சிவப்புப் பட்டையைப் போட்டுக்கொண்டு வராந்தாவில் நின்று கட்சிக்காரன் பெயரை மூன்று தடவை கூவுவான், மூன்றுக்கும் ஆள் வராவிட்டால் அவள்தான் வழக்குக் கட்டின் மேல் எழுதுவாள், அழைத்தும் ஆஜராகவில்லை என்று. எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருக்கிறாள். வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தன் பெயர் கூவுவதைக் கேட்டும் கால் நகராமல் நின்ற ஆட்கள் அதில் இருந்திருப்பார்கள் என்று அவளுக்கு இதுவரை தோன்றியதே இல்லை. கூப்பிடக் கூப்பிடத்தான் கால் நகராது. வெறும் பாத்திரத்தோடு திரும்பி வந்து படுத்தபோது சிஸ்டர் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள், குடிக்கும்வரை நின்றாள். உலகம்மாள் குடிப்பதுபோல் பாவனை செய்து பாதியை வாஷ்பேசினில் ஊற்றுகிறவள் என்பதை முதல் நாளே, பைக்குள் நிறம் கறுத்தபோதே சிஸ்டர் கண்டுபிடித்துவிட்டாள். அப்போதும் திட்டவில்லை, நீங்க ஆபீஸ் அம்மாவா, டீச்சரா, பஸ் கண்டக்டரா என்று மட்டும் கேட்டாள், இந்த மூன்று பேரும்தான் இப்படிச் செய்வாங்க என்றாள். வெளியே வராந்தாவிலிருந்து வீட்டுக்காரர் மைனியின் போனுக்குக் கூப்பிட்டு, என்ன, அந்த விஷயம் என்னாச்சு என்று கேட்டார். முப்பது வருஷம் கூடவே வாழ்ந்துவிட்டு அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்குக் கூச்சம். இன்னும் அந்த விஷயம் ஆகல என்று மைனி சொன்னாள். உள்ளே தண்ணீர் ஏறியிருந்தது உலகம்மாளுக்கு நன்றாகத் தெரிந்தது. தொப்புளுக்குக் கீழே கல் மாதிரி ஒரு கனம், அழுத்தினால் முதுகுவரை போகிற வலி. ஆள் உள்ளேதான் இருக்கிறது. வாசல்தான் திறக்க மறந்துவிட்டது. மறந்ததா, அறுத்துத் தைத்தபோது ஏதாவது நரம்பு பட்டுப்போனதா, இல்லை முப்பத்தொரு வருஷமாக இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்த ஒன்றுக்கு ஆமாம் என்கிற வார்த்தையே மறந்துபோய்விட்டதா.

பதினொன்றே முக்காலுக்குப் பெரிய டாக்டர் வந்தார், பின்னால் ஆறு மாணவிகள். வார்டு முழுக்க எழுந்து உட்கார முடிந்தவர்கள் உட்கார்ந்தார்கள், துணைக்கு வந்தவர்கள் கட்டிலுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள், மைனி இடுப்பிலிருந்த தலைப்பை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். டாக்டர் உலகம்மாளின் கட்டிலடியில் நின்று, அட்டையைப் பார்த்து, சிஸ்டரிடம் கண்ணால் கேட்டார். சிஸ்டர் இல்லை என்று தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு, இனி கால் மணி நேரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்பதுபோல் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள், கையுறை, பஞ்சு, மேலுறை பிரிக்காத புதுக் குழாய். டாக்டர் கெட்டவர் இல்லை. உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா, சில பேருக்கு லேட்டாகும், ரெண்டு வாரம்தான் என்று சொல்லிவிட்டு மாணவிகள் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். இந்தக் கட்டிலுக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்திருப்பார். முப்பத்தொரு வருஷமாகத் தீர்ப்பு நகலைச் சரிபார்த்த ஆங்கிலம் அது, ஒரு கமா தப்பினாலும் கண்ணில் படும். முயற்சி தோல்வி என்றார் டாக்டர். யாருடைய முயற்சி என்று சொல்லாமலே. இதற்கு மூன்று காரணம் என்று அவர் பேசப் பேச மாணவிகள் எழுதினார்கள், ஒருத்தி தட்டிலிருந்த குழாயின் காகிதத்தை ஒரு முனையில் பிரிக்கத் தொடங்கினாள், அந்தச் சரசரப்பு கேட்ட அதே சமயத்தில்தான் உலகம்மாளின் அடிவயிற்றில் ஏதோ ஒன்று புரண்டது. முதலில் அதைக் காற்று என்று நினைத்தாள். காற்று இல்லை. கீழே, மிகக் கீழே, சூடாக, யாரோ கதவைத் தொட்டுப் பார்ப்பது போல ஒரு தொடுகை, விலகியது, திரும்ப வந்தது. இப்போதா, இவர் பேசிக்கொண்டிருக்கும்போதா, முடிக்கட்டும், இரண்டு நிமிஷம், இதோ முடித்துவிடுவார், பேச்சில் மூன்றாவதாக ஒரு காரணம் பாக்கியிருக்கிறது, அதையும் சொல்லிவிட்டால் முடிந்துவிடும், குறுக்கே எழுந்தால் நன்றாக இருக்காது, எல்லோரும் நிற்கிறார்கள், இவ்வளவு பெரியவர் நிற்கிறார். முழங்கால்கள் இறுகின. தொடுகை பயந்து பின்வாங்கியது. பின்வாங்குவதை அவள் உணர்ந்தாள், துல்லியமாக, வாசல்வரை வந்தவர் உள்ளே பேச்சுக்குரல் கேட்டு, சரி அப்புறம் வரலாம் என்று திரும்புவது போல. அந்தத் திரும்பும் முதுகை அவளுக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷமாக ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மூன்று தடவை, இப்படித்தான் அவளே அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் பேசி முடிக்கட்டும் என்று. அவர்கள் யாரும் பேசி முடித்ததே இல்லை. ஒருவர் முடித்தால் அடுத்தவர் ஆரம்பித்தார். நரம்பும் அறவில்லை ஒன்றும் அறவில்லை என்று பளிச்சென்று தெரிந்தது, உடம்பு சொன்ன பேச்சைக் கேட்டுத்தான் நடக்கிறது, சொன்ன பேச்சு என்ன என்பதுதான் சங்கதி. உலகம்மாள் விரிப்பை ஒதுக்கினாள். காலைக் கீழே போட்டாள். தரை சில்லென்றிருந்தது.

"டாக்டர், நீங்க பேசிக்கிட்டு இருங்க," என்றாள். "நான் எந்திரிக்கேன்."

டாக்டர் பாதி வாக்கியத்தில் நின்றார். அந்த வார்டில் அவர் வாக்கியம் பாதியில் நின்றதை யாரும் பார்த்ததில்லை போலும், பேனாக்கள் எல்லாம் அப்படியே தூக்கிக்கொண்டு நின்றன. மாணவிகள் விலகி வழிவிட, உலகம்மாள் ஒரு கையால் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு, கால்களை அகட்டி வைத்து, எட்டுக் கட்டில்களைத் தாண்டி நடந்தாள். மைனி பின்னால் ஓடிவந்து குழாயைத் திறக்கப் போனாள். குழாயும் வேண்டாம் கூப்பாடும் வேண்டாம், அங்கேயே நில்லுங்க மைனி என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாளும் போட்டாள். நோயாளிகள் தாழ் போடக்கூடாது என்று கதவிலேயே எழுதியிருந்தது. ஒருவழியாக மீறுவதற்கு ஒரு விதி கிடைத்தது. உட்கார்ந்தாள், முழங்கால்களைப் பிரித்தாள், கையைத் தொடைமேல் மல்லாத்தி வைத்தாள், வெளியே ஒரு சத்தமும் இல்லை, அத்தனை பேர் வாயை மூடிக்கொண்டிருக்கும் சத்தம் மட்டும் கேட்டது. முதலில் ஒரு சொட்டு. பிளாஸ்டிக்கில் டொப்பென்று விழுந்தது. எரிந்தது. பிறகு ஒன்றுமில்லை, பயம் எட்டிப் பார்த்தது, அவள் அதைப் பார்த்தாள், அவசரமில்லை என்றாள் பயத்திடமா நீரிடமா என்று தெரியாமல். இன்னொரு சொட்டு. மூன்று, நான்கு, கொஞ்சம் நூலாக, நூல் அறுந்து மறுபடி நூலாக, அப்புறம் எந்த அறிவிப்பும் இல்லாமல் மொத்தமும் அவிழ்ந்துகொண்டு வந்தது, மடைக்குக் கொடுத்திருந்த மண்ணை ஒரே வெட்டில் எடுத்துவிட்டது போல, எரிச்சலும் சூடும் சத்தமுமாக, முதுகிலிருந்து கல் கரைய, தோள் தளர, தாடை தளர, வாய் தானாகத் திறந்து ஆ என்று ஒரு மூச்சு, கண்ணில் நீர், அது வலியால் இல்லை. நாசரின் இழுப்பறை போயிற்று, ஐந்து மணி நேரத் தீர்ப்பு போயிற்று, மேடைமேல் அமர்ந்திருந்த பதினேழு நீதிபதிகளும் ஒருவர் பின் ஒருவராகப் பக்கவாட்டுக் கதவு வழியே எழுந்து போனார்கள், அவர்கள் எழட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. தெருவின் பதினாறு வீட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்து தரையைத் தேடட்டும், வெறும் தரைதான் இருக்கும், ஹார்லிக்ஸை வாங்கி வைத்துக்கொள்ளலாம். மெல்லக் குனிந்து பார்த்தாள். நூறைத் தாண்டி, நூற்றைம்பதைத் தாண்டி, இருநூறு என்ற கோடு எப்போதோ மூழ்கிப் போயிருந்தது, முந்நூறு மூழ்கியது, நானூறில் நாலு என்ற எண்ணின் பாதத்தைத் தொட்டு நுரைத்துக்கொண்டு நின்றது. இளமஞ்சள். தெளிவு. சுடலைவடிவு வாழ்த்தியதைவிட நல்ல நிறம். கடைசிச் சொட்டு, அதற்குப் பின்னால் வந்த இன்னொரு கடைசிச் சொட்டு, பிறகு உடம்புக்குள் அவள் இதுவரை கேட்டிராத ஒரு அமைதி. வெளியே மணி பன்னிரண்டு ஆக இன்னும் நேரம் இருந்ததோ, ஆகித்தான் விட்டதோ. சிஸ்டர் ஜெபசெல்வி விரல் நுனியால் கதவைத் தட்டினாள்.

"முடிஞ்சுதாம்மா? டாக்டரம்மா நிக்காவ."

முடிந்து இரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. உலகம்மாள் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டாள்.

"இன்னும் இல்ல," என்றாள். "நிக்கச் சொல்லு."